வீடா, வேலையா? வேதம் கேட்கிற கேள்வி வேறு

வேத பாடம்
தியானப் பகுதி: நீதிமொழிகள் 31:10–31



இந்த மாதப் பாடம் கொஞ்சம் உறைப்பானது. வேதாகமத்தையும் ஒரு பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். புருஷனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. ஒருவர் மட்டும் வாசித்து, "பார்த்தியா, உனக்குத்தான் எழுதியிருக்கார்" என்று மற்றவருக்கு அடிக்கோடு போட்டுக் காட்டாதீர்கள்!

1. எங்கும் எழும்பியிருக்கிற விவாதம்

2024 மே 11-ம் தேதி, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து அட்சிசன் என்ற ஊரில், பெனடிக்டைன் கல்லூரியின் பட்டமளிப்பு விழா நடந்தது. ஹாரிசன் பட்கர் என்ற பிரபலமான கால்பந்து வீரர் அங்கே பேசினார். அவர் கத்தோலிக்கர். பட்டம் வாங்க வந்திருந்த பெண்களைப் பார்த்து, உங்களில் அநேகர் உத்தியோக உயர்வைவிட விவாகத்தையும் பிள்ளைகளையும்தான் அதிகம் எதிர்பார்த்திருப்பீர்கள் என்ற கருத்தில் பேசினார். தன் மனைவி இல்லத்தரசியாக இருப்பதைப் பெருமையாகச் சொன்னார். உடனே உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கூட்டம் கை தட்டியது; ஒரு கூட்டம் கொதித்தது. அந்தக் கல்லூரியை ஸ்தாபித்த சபைகளில் ஒன்றான பெனடிக்டைன் கன்னியரே, இல்லத்தரசியாயிருப்பதுதான் ஒரு பெண்ணுக்கு மேலான அழைப்பு என்பதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிக்கை விட்டார்கள்.

அடுத்த மாதமே நம் தமிழ்நாட்டில் இன்னொரு செய்தி. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்துகிற தொழிற்சாலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தள்ளுகிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பார்த்தீர்களா? அங்கே ஒருவர் "வீட்டிலிருப்பது விசேஷம்" என்கிறார். இங்கேயோ, வேலைக்கு வருகிறேன் என்கிற பெண்ணைத் தாலியைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்களா என்று விசாரணை!

நம் தேசத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். நம் சபைகளிலும் ஆஸ்பத்திரி நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், பனியன் கம்பெனி, கணினி நிறுவனம் என்று வேலைக்குப் போகிற சகோதரிகள் ஏராளம். ஆகவே இது அமெரிக்காவின் கேள்வி மட்டுமல்ல, நம் வாலிபர் கூட்டத்தின் கேள்வி. பெண் பார்க்கப் போகிற வீட்டின் கேள்வி. ஒரு வீட்டில், "பொண்ணு நல்லா படிச்சிருக்கணும், ஆனா வேலைக்குப் போகக்கூடாது" என்கிறார்கள். இன்னொரு வீட்டில், "வேலைக்குப் போற பொண்ணுதான் வேணும், ஆனா வீட்டு வேலை எல்லாம் அவதான் பார்க்கணும்" என்கிறார்கள். இரண்டு வீட்டாரும் விசுவாசிகள்! இரண்டு பேரும் நீதிமொழிகள் 31-ஐத்தான் திறந்து காட்டுகிறார்கள்!

தேவ பிள்ளையே, ஊர் என்ன சொல்லுகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வேதம் என்ன சொல்லுகிறது?

2. ஆதியிலே இருவருக்கும் சொன்னார்

ஆதியாகமம் 1:27, 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் ஆணும் பெண்ணுமாக மனிதரைப் படைத்தார். பிறகு ஆசீர்வதித்தார். யாரை? இருவரையும்! பிள்ளைகளைப் பெற்றுப் பெருகும்படி சொன்னதும் இருவருக்கும்தான். பூமியை ஆண்டுகொள்ளும்படி சொன்னதும் இருவருக்கும்தான். பிள்ளை அவளுக்கு, பூமி அவனுக்கு என்று கர்த்தர் பாகம் பிரிக்கவில்லை. பாகம் பிரித்தது நாம்.

"ஆனால் அவள் துணைதானே பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். ஆதியாகமம் 2:18-ல் துணை என்பதற்கு எபிரெய மூல பாஷையில் உள்ள சொல் "ஏசெர்". எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்கிற ஆள் என்று இதற்கு அர்த்தமல்ல. மோசே தன் மகனுக்கு எலியேசர் என்று பேர் வைத்தான் (யாத். 18:4). அந்தப் பேருக்குள்ளே இருப்பது இதே சொல்தான்: என் தேவன் எனக்கு உதவி. சங்கீதம் 121:2-ல் தாவீதின் ஜனங்கள் பாடுகிற ஒத்தாசையும் இதே சொல்தான். பழைய ஏற்பாட்டில் பெரும்பாலான இடங்களில் இந்தச் சொல் தேவனையே குறிக்கிறது. தேவனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தையை மனைவிக்குச் சொல்லியிருக்க, அதை நாம் வேலைக்காரி என்று வாசித்தால் அது எவ்வளவு பெரிய தவறு!

3. குணசாலியான ஸ்திரீ: விட்டுவிட்டு வாசித்த வசனங்கள்

இப்பொழுது நம் தியானப் பகுதிக்கு வருவோம். இது 22 வசனங்கள் கொண்ட பகுதி. எபிரெய எழுத்துக்கள் 22. ஒவ்வொரு வசனமும் ஒவ்வொரு எழுத்தில் வரிசையாகத் தொடங்குகிறது. சிறு பிள்ளை மனப்பாடம் பண்ணத்தக்க விதமாக எழுதப்பட்டது. நீதிமொழிகள் 31:1-ஐப் பாருங்கள். இந்த அதிகாரம் லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாயார் போதித்தது. அதாவது, முதலாவது இந்தப் பாடம் ஒரு பெண்பிள்ளைக்கு அல்ல, ஒரு ஆண்பிள்ளைக்கு! ஒரு தாய் தன் மகனைப் பார்த்து, "மகனே, இப்படிப்பட்டவளைக் கண்டால் மதிக்கத் தெரிந்துகொள்" என்கிறாள்.

"குணசாலி" என்ற இடத்தில் எபிரெயத்தில் "கயில்" என்ற சொல் வருகிறது. அது பலம், திறமை, பராக்கிரமம் என்ற பொருள் உள்ளது. சேனைக்கும் சொல்லுகிற சொல். கிதியோனைத் தேவதூதன் கூப்பிட்டபோது இதே சொல்லால்தான் கூப்பிட்டான் (நியா. 6:12). கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றின ரூத்தை போவாஸ் பாராட்டினதும் இதே சொல்லால்தான் (ரூத் 3:11). ஆகவே குணசாலி என்றால் வாய் திறக்காதவள் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவள் ஒரு வீராங்கனை!

அவள் என்னென்ன செய்கிறாள்? பென்சிலால் குறியுங்கள்.

13-ம் வசனம்: கம்பளியும் சணலும் தேடி வாங்கித் தன் கையால் வேலை செய்கிறாள்.
16-ம் வசனம்: நிலத்தை யோசித்து வாங்குகிறாள், சம்பாதித்ததிலே திராட்சத்தோட்டம் போடுகிறாள்.
18-ம் வசனம்: தன் வியாபாரம் லாபமாயிருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறாள்.
20-ம் வசனம்: ஏழைகளுக்குக் கொடுக்கிறாள்.
24-ம் வசனம்: வஸ்திரங்களை நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள்.
27-ம் வசனம்: வீட்டுக் காரியங்களிலும் கண்ணாயிருக்கிறாள்.

வீடும் இருக்கிறது, வயலும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. அவளை வீட்டுக்குள்ளே மட்டும் அடைக்கிறவர்கள் 16-ம் வசனத்தை விட்டுவிட்டார்கள். வீடு எப்படிப் போனால் என்ன, உத்தியோகமே பெரிது என்கிறவர்கள் 27-ஐ விட்டுவிட்டார்கள்.

ஆனால் எல்லாரும் சேர்ந்து விட்டுவிட்ட ஒரு காரியம் 15-ம் வசனத்தில் இருக்கிறது. இருட்டோடே அவள் எழுந்திருக்கிறாள் என்பதை நாம் எத்தனையோ தாய்மார் கூட்டத்தில் பிரசங்கித்தாயிற்று. அதே வசனத்தின் கடைசியை வாசியுங்கள். அவள் வீட்டில் வேலைக்காரிகள் இருந்தார்கள்! அவள் தனியாளாய் எல்லாவற்றையும் சுமக்கவில்லை. அவளுக்குக் கை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். நம் சகோதரிக்கு யார் இருக்கிறார்கள்? நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, எட்டு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, ராத்திரி வந்து பாத்திரம் கழுவுகிற சகோதரிக்கு, "நீதிமொழிகள் 31 ஸ்திரீயைப் பார்" என்று புத்தி சொல்லுகிறோமே, அந்த ஸ்திரீக்கு இருந்த ஒத்தாசையை இவளுக்கு யார் தருவது?

மத்திய அரசு 2019-ல் ஒரு கணக்கு எடுத்தது. ஜனங்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களிலோ 26 பேர்தான். அப்படிச் செய்கிற பெண் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செய்கிறாள். செய்கிற ஆண் 97 நிமிஷம். கவனியுங்கள், அந்த 97 நிமிஷம் கையை அசைக்கிற ஆண்களுக்கு மட்டும் எடுத்த சராசரி! மற்ற 74 பேர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள்: பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. நம் சபை வீடுகளில் எடுத்தால் கணக்கு வேறாக இருக்குமா? ஒவ்வொருவரும் தன் தன் வீட்டைப் பார்த்துக்கொள்வோமாக.

4. தீத்து 2:5 என்ன சொல்லுகிறது?

கடினமான வசனத்தை நாம் தாண்டிப் போகக்கூடாது. கிரேத்தா தீவில் இருந்த தீத்துவுக்கு பவுல் எழுதும்போது, பாலிய ஸ்திரீகள் வீட்டுக் காரியத்தில் நிலைத்திருக்கும்படி போதிக்கச் சொல்லுகிறார். ஆமென்! அந்த வசனத்தை நாம் மறைக்க மாட்டோம். ஆனால் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் இருக்கிற சொல்லுக்கு "வீட்டிலே வேலை செய்கிறவர்கள்" என்று பொருள். அங்கே கடிந்துகொள்ளப்படுவது சோம்பல், வேலை அல்ல. 1 தீமோத்தேயு 5:13, 14-லும் அப்படியே. வேலையற்று வீடு வீடாய்த் திரிந்து வம்பு பேசுகிறவர்களை மனதில் வைத்துத்தான் வீட்டை நிர்வகிக்கச் சொல்லுகிறார். அங்கே உள்ள சொல்லோ வீட்டுக்கு எஜமானியாயிருப்பது என்ற அர்த்தமுள்ளது!

இரண்டாவது, அந்தக் காலத்து வீடு வேறு. தறி வீட்டுக்குள்ளே இருந்தது. பட்டறை வீட்டுக்குள்ளே இருந்தது. கடை வீட்டு வாசலில் இருந்தது. புருஷனும் வீட்டில்தான் வேலை செய்தான். இன்றைக்கும் தறி போட்டிருக்கிற நம் ஊர் நெசவாளர் வீட்டைப் பார்த்தால் இது விளங்கும்.

இதை எழுதின பவுலே யாரோடு தங்கி வேலை செய்தார்? கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியோடு. கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியிலிருந்து துரத்தினதினால் வந்த அகதிகள் அவர்கள். கூடாரத் தொழில் இருவருக்கும் தொழிலாயிருந்தது (அப். 18:2, 3). அதே பிரிஸ்கில்லாள்தான் புருஷனோடு சேர்ந்து அப்பொல்லோவுக்கு வேதத்தைத் திருத்தமாய் விளக்கினாள் (அப். 18:26). பிலிப்பி பட்டணத்தில் முதல் விசுவாசி யார்? தியத்தீரா ஊராளான லீதியாள், இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி (அப். 16:14). இரத்தாம்பரம் விலையேறப்பெற்ற சரக்கு. பவுல் அவளிடம், "முதலில் கடையை மூடு, பிறகு ஞானஸ்நானம்" என்று சொன்னாரா? இல்லையே! அந்தக் கடைக்காரியின் வீடே சபை கூடுகிற இடமாயிற்று (அப். 16:40). நம் ஆண்டவருடைய ஊழியத்தின் செலவையே மகதலேனா மரியாளும், ஏரோதின் காரியக்காரன் மனைவி யோவன்னாளும், சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியிலிருந்து தாங்கினார்கள் என்று லூக்கா 8:2, 3 சாட்சி கொடுக்கிறது.

இன்னும் ஒருத்தி. 1 நாளாகமம் 7:24-ஐ யாராவது பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்களா? எப்பிராயீமின் சந்ததியில் சேராள் என்ற பெண் பெத்தொரோன் பட்டணங்களைக் கட்டினாள். வம்ச அட்டவணை என்று நாம் தாண்டிப் போகிற இடத்தில் கர்த்தர் ஒரு பெண் கட்டின ஊரை எழுதி வைத்திருக்கிறார்.

5. பிள்ளைகள் கெட்டுப்போனால் யாரைக் கேட்பது?

"பாஸ்டர், அம்மா வேலைக்குப் போனதாலதான் பிள்ளை கெட்டுப்போச்சு." இதை எத்தனை முறை கேட்டிருப்போம்! வேதத்தில் பிள்ளைகள் கெட்டுப்போன வீடுகளைப் பாருங்கள். ஏலியின் குமாரர் ஓப்னியும் பினெகாசும் பாவம் செய்தபோது கர்த்தர் யாரைக் கேட்டார்? கண்டும் அடக்காமல் இருந்த தகப்பனை (1 சாமு. 3:13). அதோனியா துணிகரங்கொண்டதற்குக் காரணம் என்ன? தாவீது ஒரு நாளாவது அவனைக் கூப்பிட்டு "ஏன் இப்படிச் செய்தாய்" என்று கேட்கவில்லையாம் (1 இரா. 1:6). எபேசியர் 6:4-ல் பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்க்கும் பொறுப்பைப் பவுல் பேர் சொல்லி யாருக்குக் கொடுக்கிறார்? பிதாக்களுக்கு!

சின்னப் பிள்ளைக்குத் தாயின் மடி வேண்டும். அதை யாரும் மறுக்க வேண்டாம். அதற்காகத்தான் நம் தேசத்தின் சட்டத்திலும் 2017-ல் பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். கைக்குழந்தை இருக்கும்போது சில வருஷம் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு சகோதரி கர்த்தருக்குள் தீர்மானித்தால், அது கனமான தீர்மானம். அவளைப் பார்த்து "சும்மாதான் இருக்கா" என்று யாரும் சொல்லாதிருப்பார்களாக. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வேலை செய்கிறவள் சும்மா இருக்கிறவளா? ஆனால் தீமோத்தேயுவை விசுவாசத்தில் வளர்த்தது ஐனிக்கேயாள் மட்டும் அல்ல, பாட்டி லோவிசாளும்தான் (2 தீமோ. 1:5). பிள்ளை வளர்ப்பு ஒரு தோளில் ஏற்றுகிற பாரம் அல்ல.

6. தலை என்றால் என்ன?

புருஷன் மனைவிக்குத் தலையாயிருக்கிறான் என்பது சத்தியம் (எபே. 5:23). அதை நான் குறைக்க வரவில்லை. ஆனால் எந்தத் தலையைப்போல? கிறிஸ்துவைப்போல! அந்தத் தலை என்ன செய்தது? சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களுடைய கால்களைக் கழுவியது (யோவான் 13). உயிர்த்தெழுந்த பின்பு, மகிமையின் சரீரத்தில், திபேரியா கடற்கரையில் என்ன செய்தார்? ராத்திரி முழுவதும் வேலை செய்து களைத்து வந்தவர்களுக்குக் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பம் வைத்து, "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார் (யோவான் 21:9–13). அல்லேலூயா! மரணத்தை ஜெயித்த கர்த்தர் அடுப்பு மூட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற மனைவிக்கு ஒரு தோசை ஊற்றிக் கொடுத்தால் நம் தலைமை எங்கே விழுந்துவிடும்?

தலையாயிருக்கிறவன் கேட்கவும் வேண்டும். ஆபிரகாம் விசுவாசிகளின் தகப்பன். அவனுக்கே கர்த்தர், சாராள் சொல்லுகிறதைக் கேள் என்றார் (ஆதி. 21:12). மனைவி வேலைக்குப் போவதா, வீட்டில் இருப்பதா, மேற்படிப்பு படிப்பதா என்பதை மாமனாரும் மாமியாரும் கல்யாண மண்டபத்திலேயே தீர்மானிக்கிற காரியமாக வைக்காதீர்கள். புருஷனும் மனைவியும் முழங்காலில் நின்று, ஒருமனப்பட்டுத் தீர்மானிக்கட்டும்.

7. கைகளின் பலன் யார் கையில்?

இப்பொழுது நம் பகுதியின் கடைசி வசனத்துக்கு வருகிறோம். நீதிமொழிகள் 31:31. இந்தப் பாடத்தின் சாரமே இதுதான். அவள் கைகள் சம்பாதித்த பலனை அவளிடத்தில் கொடுக்கும்படி வேதம் கட்டளையிடுகிறது. யாருக்குக் கட்டளை? வீட்டாருக்கு, ஊராருக்கு, வாசலில் உட்கார்ந்து நியாயம் பேசுகிற பெரியவர்களுக்கு.

ஒரு நர்ஸ் சகோதரி, மாதம் முழுவதும் ராத்திரி பகல் என்று டூட்டி பார்க்கிறவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தை என் இருதயத்தைக் குத்திற்று: "பாஸ்டர், இந்த மாசம் என்னால காணிக்கை போட முடியல. கார்டு அத்தைகிட்ட இருக்கு. பஸ்ஸுக்கு மட்டும்தான் எண்ணிக் கொடுப்பாங்க." அவள் சம்பளம் முப்பது நாளும் அவள் வேர்வை. அதிலிருந்து கர்த்தருக்கு ஒரு பத்து ரூபாய் வைக்க அவளுக்கு அனுமதி இல்லை! இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில், "பொம்பளை வேலைக்குப் போறது வேதத்துக்கு ஒத்து வராது" என்ற பேச்சும் உண்டு. வேலைக்குப் போவது ஒத்து வராது, வருகிற சம்பளம் மட்டும் ஒத்து வருமா?

நீதிமொழிகள் 31:11-ல் அவளுடைய புருஷன் அவளை முழு மனதோடு நம்புகிறான். நம்புகிறவன் கார்டைப் பிடுங்கி வைப்பானா? செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கு முன்பாக வந்து நின்று, எங்கள் தகப்பன் பங்கை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டார்கள். மோசே கோபப்படவில்லை, கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். கர்த்தரோ, அவர்கள் பேசுவது நியாயம் என்று தீர்ப்புச் சொன்னார் (எண். 27:1–7). பெண் தன் பங்கைக் கேட்டால் அடங்காப்பிடாரி என்கிறோம். கர்த்தர் நியாயம் என்றார்.

குடும்பத்தில் பணம் பொதுவாயிருக்கட்டும், நல்லதுதான். ஆனால் பொது என்றால் அவனுடைய சம்பளமும் பொது, அவளுடைய சம்பளமும் பொது. அவன் பணம் அவனுக்கு, அவள் பணமும் அவனுக்கு என்பது பொது அல்ல.

8. வேலை தெய்வமாகாதபடி

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உத்தியோகம் ஒரு வரம். அது இரட்சகர் அல்ல. சம்பளம் உயர உயர ஜெபம் குறைந்தால் ஜாக்கிரதை! ஒருவனுடைய ஜீவன் அவன் ஆஸ்தியின் திரளில் இல்லை என்று ஆண்டவர் எச்சரித்தது ஆணுக்கு மட்டும் அல்ல (லூக்கா 12:15). மார்த்தாளைப் பாருங்கள். அவள் செய்ததும் வேலைதான், அதுவும் வீட்டு வேலைதான். ஆனாலும் அது அவளைக் கலங்கப்பண்ணினது. மரியாளோ ஆண்டவருடைய பாதத்தில் உட்கார்ந்தாள் (லூக்கா 10:38–42). பவுல் கமாலியேலின் பாதத்தில் படித்ததுபோல (அப். 22:3) அது மாணவன் உட்காருகிற இடம். அந்த இடத்திலிருந்து அவளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்ப ஆண்டவர் சம்மதிக்கவில்லை! அடுப்படியானாலும் அலுவலகமானாலும், அந்தப் பாதத்திலிருந்து உன்னை எழுப்பிவிடுமானால் அது பாரம்.

9. நம் எழுப்புதலின் சரித்திரம்

நாம் பெந்தெகொஸ்தே ஜனங்கள். யோவேல் சொன்னபடி குமாரர்மேலும் குமாரத்திகள்மேலும் ஆவி ஊற்றப்படும் என்பதைப் பேதுரு எடுத்துச் சொன்ன நாளில் பிறந்தவர்கள் (அப். 2:17, 18). 1906-ல் அமெரிக்காவில் அசூசா தெருவில் எழுப்புதல் பற்றியெரிந்ததை அடிக்கடி சொல்லுகிறோம். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, 1905-ல், நம் இந்தியாவில், பூனாவுக்கு அருகே கேட்காவ் என்ற இடத்தில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் ஆவியானவர் ஊற்றப்பட்டார். அங்கே இருந்தவர்கள் யார்? விதவைகள், பஞ்சத்தில் அடிபட்டு வந்த பெண்பிள்ளைகள். ரமாபாய் அம்மையாரும் ஒரு விதவை. அவர்களுக்கு ஜெபத்தைக் கற்றுக் கொடுத்ததோடு நெசவு, விவசாயம், அச்சு வேலையும் கற்றுக் கொடுத்தார். கையில் தொழில், வாயில் ஜெபம். அந்த இடத்தில் அக்கினி இறங்கிற்று!

நம் பக்கத்து வேலூரைப் பாருங்கள். ஐடா ஸ்கடர் என்ற வாலிபப் பெண், திண்டிவனத்தில் தன் மிஷனெரி பெற்றோருடன் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். அவள் தகப்பனார் டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1900-ல் திரும்பி வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று நாம் வியாதியஸ்தரை அனுப்புகிற சி.எம்.சி. ஆஸ்பத்திரி அவருடைய ஊழியத்தின் கனி. "பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு" என்று யாராவது அவரைத் தடுத்திருந்தால்? தேவ பிள்ளையே, உன் மகளுக்குள் கர்த்தர் என்ன வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா?

10. சோதித்தறிவோம்

ஊர் "வீடா, வேலையா?" என்று கேட்கிறது. வேதமோ வேறு கேள்விகளைக் கேட்கிறது. இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இவைகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

அ) நம் வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார், கடைசியில் படுப்பது யார்? இருவரும் ஒரே ஆளா?
ஆ) புருஷர்களே, போன வாரத்தில் நீங்கள் கேட்காமலே செய்த வீட்டு வேலை ஒன்றைச் சொல்லுங்கள்.
இ) மனைவியின் சம்பளம் யார் கையில் இருக்கிறது? காணிக்கையை அவளே எடுத்து வைக்க முடிகிறதா?
ஈ) வீட்டிலிருக்கிற சகோதரியைச் "சும்மா இருக்கா" என்றோ, வேலைக்குப் போகிறவளை "அடங்காதவள்" என்றோ பேசியிருக்கிறோமா?
உ) மகனுக்குச் செய்த படிப்புச் செலவை மகளுக்கும் செய்கிறோமா?
ஊ) மகனுக்கு லேமுவேலின் தாயைப்போலப் போதித்திருக்கிறோமா? சாப்பிட்ட தட்டையாவது அவன் கழுவுகிறானா?

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, ஆணையும் பெண்ணையும் உம்முடைய சாயலில் படைத்தீரே, ஸ்தோத்திரம். எங்கள் வீடுகளில் ஒருவர் தோளில் மட்டும் ஏறியிருக்கிற நுகத்தை முறித்தருளும். உழைக்கிற எங்கள் சகோதரிகளுக்குப் பெலன் தாரும். அவர்களுக்குச் சேர வேண்டியதை மறுக்காத இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் குமாரரோடு எங்கள் குமாரத்திகளையும் உம்முடைய ஆவியினால் நிரப்பி, நீர் அழைத்த இடத்தில் நிறுத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!